ஒன்பதாம் மருந்தும் அஞ்சலையின் ஆடுகளும்

போன வாரம், மருந்து ஆய்வில் இருந்துகொண்டு இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார். கணினியில் அவரே வடிவமைத்த மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை செய்யும் என்று கணக்கு சொன்னது ஒரு பக்கம், சோதனையில் அது உண்மையில் எவ்வளவு வேலை செய்தது என்பது மறு பக்கம். புள்ளிகளெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்பதுபோல ஒரே கோட்டில் நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இரண்டு மூலக்கூறுகள் சோதனைப் பிழை காரணமாக நீக்கப்பட்டன.

நான் அவருக்கு ஒரு வரியில் பதில் எழுதினேன். "வாழ்த்துகள். பிழை செய்தது யார்?"

இதுவரை பதில் இல்லை. கோபித்துக்கொண்டாரோ என்னவோ. தம்பி, நீங்கள் இதைப் படித்தால் தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வியை உங்களை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. "சோதனைப் பிழை" என்ற இரண்டு சொற்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியாது. அது ஏன் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பெரம்பலூரில் வேலை பார்த்தேன். ஒரு மருந்துக் கம்பெனியின் கள ஆய்வுப் பிரிவு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. ஹாலில் நுண்ணோக்கிகள். சமையலறை அலமாரியில் புட்டி புட்டியாக ஆட்டுப் புழுக்கை. செம்மறியாடுகளின் வயிற்றில் இருந்துகொண்டு இரத்தம் குடிக்கும் புழுக்களுக்குப் புதிய மருந்து கண்டுபிடிப்பதுதான் திட்டம். மூலக்கூறுகளை மெட்ராஸ் ஆய்வகத்தில் தயாரிப்பார்கள். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மந்தைகளில் அதைக் கொடுத்துப் பார்த்து, புழுக்கையில் புழு முட்டை குறைகிறதா என்று எண்ணுவது எங்கள் பிரிவு. அந்த எண்களை வைத்து, அடுத்து எந்த மூலக்கூறைச் செய்தால் நன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது நான். ஜெயங்கொண்டத்துப் பக்கம் விவசாயம் செய்துகொண்டிருந்த என் அப்பா ஒருமுறை பார்க்க வந்தவர், அலமாரியைப் பார்த்துவிட்டு, "புழுக்கைய எண்ணுறதுக்கா உன்ன எம்.எஸ்ஸி. படிக்க வெச்சேன்?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

நாங்கள் செய்த கணக்கு இன்று நீங்கள் செய்வதற்குப் பாட்டன் முறை. ஒரு தாய் மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலையில் குளோரின் வைத்தால் ஒரு பிள்ளை, மீதைல் வைத்தால் இன்னொரு பிள்ளை. அப்படி மாற்றும்போது மூலக்கூறு கொழுப்பில் எவ்வளவு கூடுதலாகக் கரைகிறது, மின்னணுக்களை எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கெல்லாம் எண்கள் உண்டு. அந்த எண்களையும் புழு எவ்வளவு ஒழிந்தது என்பதையும் சேர்த்து ஒரு சமன்பாடு எழுதுவோம். இன்னும் பிறக்காத பிள்ளை எப்படி இருக்கும் என்று அந்தச் சமன்பாடு சொல்லும். மருந்தைக் குருட்டாம்போக்கில் தேடாமல் கணக்குப் போட்டுத் தேடலாம் என்பதே அன்று எங்களுக்குப் பெரிய கிறுக்கு.

பெரம்பலூரில் அன்று கணினி ஏது? துளையிட்ட அட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் வரிசையாக அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருச்சிக்குப் போவேன். அங்கே ஒரு கல்லூரிக் கணினியில் கம்பெனி நேரம் வாங்கியிருந்தது. கண்டக்டர் ஒருவர் வாரம் தவறாமல், "என்னம்மா, முறுக்கா?" என்று கேட்பார். "கணக்கு" என்பேன். "அப்ப லக்கேஜ் போட முடியாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

எங்கள் சமன்பாடு பெற்ற செல்லப் பிள்ளை ஒன்பதாம் மருந்து. இதுவரை செய்த எல்லாவற்றையும்விட இது நன்றாக வேலை செய்யும் என்று கணக்கு சொன்னது. மெட்ராஸில் செய்து மஞ்சள் பொடியாக அனுப்பினார்கள். முதலில் வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு மந்தையில் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் புழு முட்டையைத் தேட வேண்டியிருந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் அன்று எல்லோருக்கும் ஓட்டலிலிருந்து கேசரி வாங்கிவந்தார். கேசரிக்குக் காரணம் இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் உருப்படியாக ஒன்றைக் காட்டாவிட்டால் பெரம்பலூர்ப் பிரிவை மூடிவிடுவதாக மெட்ராஸில் பேசிக்கொண்டிருந்தார்கள். மூடினால் அவர் முதல் கூட்டிப் பெருக்கும் அம்மா வரை எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்து அரியலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். அங்கே அஞ்சலை என்கிற பெண் ஊரார் ஆடுகளையும் தன் ஆடுகளையும் சேர்த்து மேய்த்துக்கொண்டிருந்தாள். மருந்து ஊற்றியவர் அந்தப் பக்கத்து மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். எங்கள் சோதனைகளுக்கெல்லாம் அந்தப் பகுதியில் அவர்தான் கை. ஒல்லியாக, எப்போதும் சட்டைக் காலர் பொத்தான் வரை போட்டிருப்பார். எதைச் சொன்னாலும் ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வார்.

மருந்து ஊற்றிய மூன்றாம் நாள் காலையில் அவர் எங்கள் வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அஞ்சு ஆடு செத்துப்போச்சுங்க சார்" என்றார் தலைவரிடம்.

"என்னய்யா சொல்றீங்க?"

"அஞ்சும் அஞ்சலையோட ஆடுங்க சார். அதுக்குன்னு சொந்தமா இருந்ததே அந்த அஞ்சுதான். ஊரான் ஆடு ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆவல."

தலைவர் கால்நடை மருத்துவர். உடனே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், செத்த ஆடுகளைத் தானே அறுத்துப் பார்த்துவிட்டு வந்தார். மருந்து அளவுக்கு மிஞ்சிப் போனதற்கான அடையாளம் என்றார். அந்த வாரக் கடைசியில் மிச்ச ஆடுகளின் புழுக்கை வந்தது. பார்த்தால் முட்டை கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மருந்தே கொடுக்காததுபோல இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வேப்பந்தட்டையில் ஒரே மருந்து, ஒரே அளவு, எல்லா ஆடும் குணமாயின. அரியலூர்ப் பக்கம் அதே மருந்து, அதே அளவு, பெரும்பாலான ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஐந்து ஆடுகள் செத்தன. ஒரு மருந்து ஒரே நேரத்தில் சொத்தையாகவும் விஷமாகவும் இருக்க முடியாது. தலைவர் அப்படித்தான் யோசித்தார். அவர் யோசித்ததில் தப்பு எதுவும் இல்லை.

"அளந்து ஊத்தினதுலதான் தப்பு" என்றார். "முதல்ல குறைச்சு ஊத்தியிருக்காரு. மிச்சம் ஆயிடுச்சுன்னு கடைசில எல்லாத்தையும் சேத்து ஊத்திட்டாரு."

இதற்குள் ஊரில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. கம்பவுண்டர் தன் வயலுக்கு எருவுக்காக ஆட்டுக்கிடை போடச் சொல்லி அஞ்சலையைக் கேட்டாராம், அவள் வேறு ஒருவர் வயலில் போட்டுவிட்டாளாம், அந்தக் கோபத்தில் பார்த்து அவள் ஆட்டுக்கு மட்டும் விஷம் வைத்துவிட்டாராம். ஊர்க்காரர்கள் கால்நடைத் துறை ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். துறை எங்களிடம் விளக்கம் கேட்டது. மருந்தில் குறையா, ஊற்றியவர் கையில் குறையா என்று நாங்கள் சொல்ல வேண்டும். கையில் குறை என்று சொன்னால் அவருக்கு வேலை போய்விடும். வேலையோடு போகாது, விஷம் வைத்தவன் என்ற பேர் அந்த ஊரில் அவர் பிள்ளைகள் கல்யாணம் வரை கூடவே வரும்.

தலைவர் என்னைக் கூப்பிட்டு, மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை முன்னால் வைத்தார். ஒன்பதாம் மருந்து, வேப்பந்தட்டை முடிவு மட்டும். அரியலூர் முடிவு சோதனைப் பிழை காரணமாக நீக்கப்பட்டது. கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் கணக்கைச் சரிபார்த்ததாக நான் போட வேண்டிய கையெழுத்துக்கு இடம்.

"கணக்குப்படி பாத்தாலும் அந்தப் புள்ளி கோட்டுல நிக்கலல்ல?" என்றார்.

"நிக்கல சார்."

"அப்பறம் என்னம்மா?"

நான் பேனாவைத் திறந்தேன். என் வேலையும் அந்த அறிக்கையில்தான் இருந்தது. அப்பாவுக்கு முன்னால் போய் நிற்கும் வழியும் அதில்தான் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் கண்ணில் விழுந்த தூசிபோல உறுத்திக்கொண்டே இருந்தது. கை தப்புகிறது என்றால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தப்பும். ஆட்டின் காதில் சொந்தக்காரர் பேரைப் பார்த்து ஒரு கை தப்பாது. ஐந்தும் ஒரே ஆளுடைய ஆடுகள், ஒன்றுகூட விலகவில்லை. ஒன்று, ஊர் சொல்வதுபோல அந்த மனிதர் வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். அல்லது எங்கள் யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்று அந்த ஐந்து ஆடுகளையும் மற்றவற்றிலிருந்து பிரித்திருக்க வேண்டும். ஒழுங்கில்லாமல் வருவதுதான் பிழை. ஒழுங்காக வருவதைப் பிழை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

"சார், ஒரு தடவ நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து போடறேன்."

"நீ கணக்குப் பாக்குற பொண்ணு. அங்க போய் என்னத்தப் பாப்ப?"

"தெரியல சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "திங்கக்கிழமை மெட்ராஸ்லேருந்து டைரக்டர் வராரு. அதுக்குள்ள வந்துடு" என்று மட்டும் சொன்னார். அவர் மனசுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். அந்த மனிதர்மீது எனக்கு இன்றுவரை மரியாதை இருப்பதற்கு இந்த ஒரு வாக்கியமும் காரணம்.

சனிக்கிழமை ஒன்பதாம் மருந்தில் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன். அரியலூரில் கம்பவுண்டர் காத்திருந்தார். அங்கிருந்து டவுன் பஸ். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள், சாலையோரத்துக் கருவேல மரங்கள்கூட மாவு பூசியது மாதிரி நின்றன. கம்பவுண்டர் வழி முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னார்: "எழுதிக் குடுத்த மாதிரியேதாம்மா செஞ்சேன்."

அஞ்சலைக்கு நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் மேய்ச்சல் கோலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இன்னும் என்னா மருந்து கொண்டாந்திருக்கீங்க? ஊரான் ஆடுதான் மிச்சம் இருக்கு, அதையும் சாவடிக்கவா?"

"மருந்து ஊத்த வரலைங்க" என்றேன். "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

"கேட்டா செத்தது எந்திரிச்சு வந்துருமா?"

நான் பையைக் கீழே வைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே ஓடவிட்டாள். கம்பவுண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவளே, "கேளுங்க" என்றாள்.

பட்டியில் அன்று எந்த ஆடு முதலில் நின்றது, எது கடைசியில் நின்றது என்று கேட்டேன். அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"ஊரான் ஆடு மொதல்ல. நம்ம ஆடு கடைசில. அது எப்பவும் அப்படித்தான். தண்ணி காட்டினாலும் அப்படித்தான், தழை ஒடிச்சுப் போட்டாலும் அப்படித்தான். நம்பி வுட்டிருக்காங்கல்ல? மருந்து பத்தாம போச்சுன்னா நம்ம ஆட்டுக்கு இல்லாம போவட்டும்னு கம்பவுண்டர் அண்ணன்கிட்ட நாந்தான் சொன்னேன்."

"பத்தாம போச்சா?" என்று கம்பவுண்டரிடம் கேட்டேன்.

"கொஞ்சம் இழுத்துச்சும்மா. ரெண்டு மூணு ஆடு தலைய ஆட்டி சிந்திருச்சு. கடைசில இதோட ஆட்டுக்கு வரும்போது பாட்டில்ல அடியிலதான் இருந்துச்சு. பாவம், இதோட ஆட்டுக்கு மட்டும் இல்லாம போவணுமான்னு, கொஞ்சம் தண்ணிய வுட்டு நல்லா அலசி, அத அஞ்சு ஆட்டுக்கும் பிரிச்சு ஊத்தினேன்."

நான் உடனே கேட்டேன்: "அலசுறதுக்கு முன்னாடி பாட்டில குலுக்கினீங்களா?"

"எப்படிம்மா குலுக்குவேன்? குலுக்காதே, நுரை கட்டும், அளவு தப்பும்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? முந்தின நாள் சாயங்காலம் கரைச்சு வெச்சேன். காலைல ஆடாம அசையாம ஊத்தினேன்."

அவள் குடிசையில் கழுவிக் கவிழ்த்திருந்த கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவரச் சொல்லி, கொண்டுபோன பொடியில் கொஞ்சத்தை அதில் கரைத்தேன். தெளிவான மஞ்சள். மெட்ராஸில் கரைத்தாலும், வேப்பந்தட்டையில் மலையடிவாரத்து ஓடைத் தண்ணீரில் கரைத்தாலும் அப்படித்தான் இருக்கும். பாட்டிலை வெயிலில் ஒரு கல்மேல் வைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். அஞ்சலை எங்களுக்கு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திரும்பினால் பாட்டில் கலங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கலங்கல் இறங்கத் தொடங்கியது. மேலே வெளிறிய தண்ணீர், அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல். மருந்து முழுக்க அந்த வண்டலில் இருந்தது.

அரியலூர் மண் சுண்ணாம்பு மண், கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர். எங்கள் ஒன்பதாம் மருந்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கை உண்டு, அதாவது எதையாவது கவ்வும் இரண்டு அணுக்கூட்டங்கள். கணக்குக்குப் பிடிக்காவிட்டாலும் மற்ற குணங்களுக்காக நாங்கள் விட்டுவைத்த கைகள். அவை முதலில் கிடைத்த சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. வெளிச்சம் படக்கூடாது என்று நாங்கள் பழுப்புப் பாட்டில் கொடுத்திருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. முன்னால் நின்ற ஆடுகளுக்கு வெறும் தண்ணீர் போனது. மொத்த மந்தைக்கும் சேர வேண்டிய மருந்து கடைசி ஐந்து ஆடுகளின் வயிற்றுக்குப் போனது. அடுத்தவர் ஆட்டுக்கு முதலில் என்று நினைத்தாள் ஒருத்தி. ஏழையின் ஆட்டுக்கு இல்லாமல் போகக்கூடாது என்று நினைத்தார் ஒருவர். இரண்டு பேரும் நல்லது நினைத்ததற்கு நடுவில் எங்கள் குறிப்பு ஒன்று புகுந்து ஐந்து ஆடுகளைக் கொன்றுவிட்டது.

இதை நான் முடிந்தவரை எளிதாக எடுத்துச் சொன்னேன். கம்பவுண்டர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பித்தோம் என்று அவர் முகம் மலரும் என நினைத்திருந்தேன். அவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"அப்ப நாந்தாம்மா கொன்னிருக்கேன். அந்த வண்டல அலசி அலசி நாந்தான் ஊத்தினேன்."

அஞ்சலை அவரைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அப்ப என் ஆட்ட மொதல்ல வுட்டிருந்தா பொழைச்சிருக்கும்?"

"ஆமாங்க. கடைசில நின்ன வேற யாரோட ஆடாவது செத்திருக்கும்."

அவள் மோர்ச் சொம்பை எடுத்தாள். "அதுவும் ஆவாது" என்றாள்.

திங்கட்கிழமை அந்த ஊறுகாய்ப் பாட்டிலையே கொண்டுபோய் டைரக்டர் மேசைமீது வைத்தேன். பக்கத்தில் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் கரைத்த இன்னொரு பாட்டில். டைரக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலைவரிடம் நேராகவே கேட்டார்: "அப்படின்னா தப்பு நம்மளுதுன்னு துறைக்கு எழுதச் சொல்றீங்களா?"

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நாங்கள் எல்லோருமே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"ஆமா சார்" என்றார். "குறிப்பு எழுதினது என் பிரிவு. ஊத்தினவரு எழுதினபடி செஞ்சிருக்காரு. அவர் மேல தப்பு இல்ல. நானே எழுதிடறேன்."

எனக்கு அன்று அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதற்கென்ன. துறை விசாரணையைக் கைவிட்டது. எங்கள் பிரிவையும் உடனே மூடவில்லை. தைரியமாகத் தப்பை ஒப்புக்கொண்டதற்காக டைரக்டர் மனம் இரங்கினார் என்றெல்லாம் கதை கட்ட மாட்டேன். பாட்டிலைப் பார்த்ததும் மருந்து நல்ல மருந்துதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் தொழில் பக்கத்துக்கு வருகிறேன். அந்த வாரமே பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போனேன். எந்த மருந்து எந்த ஊர்த் தண்ணீரில் கரைக்கப்பட்டது என்பதையும் சேர்த்து மறுபடி கணக்கைப் போட்டேன். சமன்பாட்டில் ஒரு கழித்தல் குறி கூட்டலாக மாறியது. அந்த இரட்டைக் கை இருந்தால் மருந்து கெட்டுவிடும் என்று எங்கள் பழைய சமன்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி இரண்டு நல்ல மூலக்கூறுகளை ஏற்கெனவே ஓரம் கட்டியிருந்தோம். இரண்டும் அரியலூர்த் தண்ணீரில் கரைத்தவை; மருந்து அடியிலேயே தங்கிவிட்டது, அப்போது யாரும் அதை அலசி ஊற்றவில்லை. ஒன்பதாம் மருந்து அந்தக் குறையையும் மீறி மேலே வந்திருந்ததால்தான் எங்கள் கண்ணில் பட்டது. கோட்டில் நிற்காத அந்த ஒரு புள்ளியை அழித்திருந்தால், தப்பான கோட்டோடு நாங்கள் காலம் பூராவும் குடும்பம் நடத்தியிருப்போம்.

இன்று உங்களிடம் புரதத்தைத் திரையில் வண்ணமாகச் சுழற்றிக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. இலட்சம் மூலக்கூறுகளை மதியச் சாப்பாட்டுக்குள் சலித்துவிடுகிறீர்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கணினிக்கு நீங்கள் தின்னக் கொடுக்கும் ஒவ்வொரு எண்ணையும் எங்கோ ஒரு மனிதர் ஒரு பாட்டிலிலிருந்து ஊற்றித்தான் உண்டாக்கியிருக்கிறார். அந்த எண் உங்களுக்குப் பிடிக்காதபோது முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். எந்தத் தண்ணீர், எந்த வரிசை, என்ன சொல்லிக் கொடுத்தோம் என்று கேளுங்கள். போக முடியாவிட்டால் போனாவது பண்ணுங்கள். அதற்குப் பிறகும் நீக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் நீக்குங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஒன்பதாம் மருந்து கடைக்கு வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அதைவிட மலிவான ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது, மெட்ராஸில் கோப்பை மூடிவிட்டார்கள். நான் கணக்குப் போட்டுப் பிறந்த மூலக்கூறுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் போயின. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் கோப்பு மூடுவதற்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் இன்னொரு முறை சோதனை செய்து பார்க்க வேண்டியிருந்தது. இந்த முறை பெரிய கேன்களில் டிஸ்டில்ட் வாட்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆனால் எந்த ஊரிலும் ஒருவரும் ஆடு தரவில்லை. யார் தருவார்கள்? கடைசியில் அஞ்சலையிடமே போய் நின்றோம். கம்பெனி ஈடாகக் கொடுத்ததில் அவள் ஒரு பெட்டையாடு வாங்கியிருந்தாள். ஊரார் ஆடுகளையும் இன்னும் அவள்தான் மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு ஊத்தறது?" என்று கேட்டாள்.

கம்பவுண்டர் ஜீப்புக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் எந்த ஆட்டின் வாயிலும் கை வைக்கவில்லை. பாட்டிலைத் தொடவே மாட்டேன் என்று எங்கள் தலைவரிடம் கெஞ்சி, துணைக்கு மட்டும் வந்திருந்தார். அதனால் தலைவர் தானே ஊற்றுவதாகச் சொன்னார்.

"வாணாங்க" என்றாள் அஞ்சலை. "நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்க, நான் ஒண்ணும் சொல்லல. கம்பவுண்டர் அண்ணன் ஊத்தினா ஊத்துங்க. இல்லாட்டி போயிட்டு வாங்க."

அவர் வரவில்லை. "வேண்டாம்மா, என் கையால வேண்டாம்" என்றார் அங்கிருந்தே.

அஞ்சலை உள்ளே போய் அந்தப் பெட்டையாட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். மந்தைக்கு முன்னால், அவர் எதிரிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இதுக்கு மொதல்ல ஊத்துங்கண்ணே" என்றாள். "எதாச்சும் ஆனா இதோட போவட்டும். ஊரான் ஆடு தப்பிச்சுக்கும்."

கம்பவுண்டர் அவளையும் ஆட்டையும் பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, பாட்டிலுக்காக என் பக்கம் கையை நீட்டினார்.